பினாங்கில் வேலை, தஞ்சாவூரில் குடும்பம்: சம்பளப் பணத்தை எப்படி அனுப்புவது?

கேள்வி: ஐயா, வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அப்ரூவல் வந்துவிட்டது, ஆகஸ்டில் கிளம்புகிறேன். சம்பளம் 7,000 ரிங்கிட். மனைவி, குழந்தை, அப்பா, அம்மா எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள். வீட்டுக் கடன் தவணை மாதாமாதம் என் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கிறார்கள். 'வங்கியில் எதுவும் சொல்லாதே, இருக்கிற கணக்கே இருக்கட்டும்' என்கிறார் அப்பா. ஏற்கெனவே பினாங்கில் இருக்கும் நண்பர், 'வங்கி வழியாக அனுப்பினால் நஷ்டம், உண்டியலில் போட்டால் அன்றைக்கே வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள்' என்கிறார் (உரிமம் இல்லாத ஆட்கள் வழியாகக் கைமாற்றாகப் பணம் அனுப்புவதைத்தான் இங்கே உண்டியல் என்கிறார்கள்). எதைக் கேட்பது? கையில் எவ்வளவு கொண்டுவர வேண்டும்? வரியை எங்கே கட்டுவது?

பதில்: தம்பி, கிளம்பும் முன்பே எழுதினீர்களே, ரொம்ப நல்லது. ஜார்ஜ்டவுனில் என் வரி ஆலோசனை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்கு வந்து மூன்று நான்கு வருடம் ஆன பிறகுதான் வருகிறார்கள், அதுவும் ஊரில் ஒரு மனையைப் பேசி முடித்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, 'இந்தப் பணம் எப்படி வந்தது' என்று வங்கியோ வருமான வரித் துறையோ கேட்ட பிறகு. உழைத்துச் சம்பாதித்த பணம், அதில் ஒரு பைசா தப்பான பணம் இருக்காது, ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இருக்காது.

அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். நீங்கள் இங்கே சம்பாதிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் (ரிங்கிட்டை இங்கே நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்) எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, யார் பெயரில், எந்தத் தேதியில் போனது என்பதற்குச் சான்று இருக்க வேண்டும். ரேட்டில் பத்துக் காசு கூடுதலா குறைவா என்பது அடுத்த கேள்வி.

அப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனால் அதைக் கேட்காதீர்கள். வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டால், ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். 182 நாள் ஆகட்டும், ஒரு வருடம் ஆகட்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அந்த நாள் கணக்கு வருமான வரிச் சட்டத்தில் வருவது, வங்கிக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக, மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டுப் பின்னால் சிக்கினால், சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் போட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லாருக்கும் போடுகிறார்கள் என்று சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஒரு படிவத்தில் முடிகிற வேலைக்கு அந்த ஆபத்தை ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பாஸ்போர்ட், பான் அட்டை, பாஸ் அப்ரூவல் கடிதம், கம்பெனி கொடுத்த வேலைக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பும் முன்பே உங்கள் கிளைக்கு நேரில் போய்விடுங்கள். சில கிளைகளில் வெளிநாட்டு முகவரிக்குச் சான்று கேட்பார்கள், அது இங்கே வந்த பிறகுதான் கிடைக்கும். அப்படியானால் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு வைத்துவிட்டு, மீதியை மின்னஞ்சலில் அனுப்பலாமா என்று கேளுங்கள். நேரில் பேசிய அதிகாரியின் மின்னஞ்சல் முகவரியை வாங்காமல் அந்தக் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.

இதில் உங்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம் இருக்கிறது, வீட்டுக் கடன். கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்றும்போது சில வங்கிகளில் அதே எண் தொடரும், சில வங்கிகளில் புது எண் கொடுத்துவிடுவார்கள். எண் மாறினால் தவணை தானாகப் பிடிப்பதற்கு நீங்கள் முன்பு கொடுத்த உத்தரவு அந்தப் பழைய எண்ணோடு செத்துவிடும். நீங்கள் இங்கே ஷிஃப்டில் நிற்பீர்கள், அங்கே தவணை பவுன்ஸ் ஆகும், அபராதம் விழும், சிபில் ஸ்கோர் இறங்கும், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஏன் என்றே தெரியாது. கடன் கொடுத்த வங்கியும் கணக்கு இருக்கிற வங்கியும் வேறு வேறாக இருந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும். ஆகவே எண் மாறுமா என்று முன்கூட்டியே கேட்டு, மாறும் என்றால் புது உத்தரவு பதிவான பிறகு பழையதை விடுங்கள். இரண்டு தவணைக்கான பணமும் அந்தக் கணக்கில் கூடுதலாகக் கிடக்கட்டும்.

பழைய கணக்கு என்.ஆர்.ஓ. ஆனதும் பக்கத்திலேயே என்.ஆர்.இ. கணக்கு ஒன்றைப் புதிதாகத் திறந்துகொள்ளுங்கள். இங்கிருந்து அனுப்பும் சேமிப்பு இதற்குத்தான் போக வேண்டும். இதில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. போட்ட பணத்தை, வட்டியோடு சேர்த்து, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். என்.ஆர்.ஓ. அப்படி இல்லை. அதில் வரும் வட்டிக்கு 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், அதிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க வருடத்துக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் என்று உச்சவரம்பு வேறு, கூடவே வரிப் படிவங்கள். இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், இங்கே வருமான வரி வாரியத்தில் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் என்.ஆர்.ஓ. வட்டிக்கான பிடித்தம் 10 சதவீதமாகக் குறையும். ஆனால் என்.ஆர்.ஓ.வில் பெரிய தொகை கிடந்தால்தான் அந்த அலைச்சலுக்குப் பலன். ஊரில் வீட்டு வாடகை, நில வருமானம் என்று ஏதாவது வந்தால் அதற்கு மட்டும் என்.ஆர்.ஓ. இருக்கட்டும். கடன் தவணையைக்கூட என்.ஆர்.இ.யிலிருந்தே கட்டலாம்.

ஒன்றை அப்பாவிடம் சொல்லி வையுங்கள்: என்.ஆர்.இ. கணக்கில் ஊரிலிருந்து ரூபாயைக் கொண்டுபோய்க் கட்ட முடியாது. நெல் விற்ற பணம் வந்தது, உன் கணக்கில் போட்டேன் என்ற பேச்சே கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு மட்டுமே அது.

மனைவி பெயரைச் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நெருங்கிய உறவினர் என்ற முறையில் அவரை என்.ஆர்.இ.யில் இரண்டாவது ஆளாகச் சேர்க்கலாம். நீங்கள் இருக்கும்வரை கணக்கு உங்களுடையது, உங்களுக்குப் பிறகு அவருக்கு. உள்ளூர்ச் செலவுகளுக்கு அவரே கணக்கை இயக்க வேண்டும் என்றால் மேண்டேட் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் உங்கள் ஓடிபிக்காக அவர் காத்துக்கொண்டு நிற்கக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன். மாதச் செலவுக்கான தொகையை அவருடைய சொந்தக் கணக்குக்கே நேராக அனுப்பினாலும் தப்பில்லை, கணவர் அனுப்பும் பணத்துக்கு மனைவி வரி கட்ட வேண்டியதில்லை, அப்பா அம்மாவுக்கும் அப்படியே. ஆனால் சேமிப்பை முழுக்க அவர் கணக்கில் கொட்டி அங்கே வைப்புநிதி போட்டால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கப்படும், என்.ஆர்.இ.க்குக் கிடைக்கும் வரி விலக்கும் போய்விடும். செலவுக்கு அவர் கணக்கு, சேமிப்புக்கு உங்கள் என்.ஆர்.இ. நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்.

மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் கணக்கு ஏதாவது வைத்திருந்தால் அதிலும் என்.ஆர்.ஐ. என்று மாற்றச் சொல்லுங்கள். பி.பி.எஃப். இருந்தால் முதிர்வு வரை கட்டலாம், அதற்குப் பிறகு நீட்டிக்க முடியாது.

அப்புறம் இந்திய சிம் கார்டு. இதை ரொம்பப் பேர் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். உங்கள் இந்திய வங்கியின் சாவியே அந்த எண்தான். ரோமிங்கைத் திறந்து வைத்து, பிளான் காலாவதி ஆகாமல் மாதாமாதம் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கட்டாமல் விட்டால் எண் வேறு ஒருவருக்குப் போய்விடும், உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். மலேசிய எண்ணை வங்கியில் பதிவு செய்ய முடியுமா, ஓடிபி மின்னஞ்சலுக்கும் வருமா என்று அதே நாளில் கிளையில் கேட்டுவிடுங்கள்.

சரி, கையில் எவ்வளவு. முதல் சம்பளம் வரச் செப்டம்பர் ஆகும், அதுவும் வங்கிக் கணக்கு திறந்திருந்தால்தான். அதற்குள் உங்களுக்குப் பெரிய செலவு வாடகை. பாயான் பாருவிலோ சுங்கை ஆராவிலோ 1,500 வெள்ளிக்கு ஒரு வீடு பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வழக்கம் என்னவென்றால் இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கென்று அரை மாதம், முதல் மாத வாடகை, ஆக மூன்றரை மாத வாடகை ஒரே நாளில் கொடுக்க வேண்டும். 5,250 வெள்ளி. கணக்குக்கு எளிதாக ஒரு வெள்ளி 20 ரூபாய் என்று வைத்தால் (நிஜ ரேட் தினமும் மாறும்) 1,05,000 ரூபாய். இதைக் கேட்டதும் முகம் வாடிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஒன்றிரண்டு மாதம் கம்பெனியே தங்க இடம் கொடுக்குமா என்று இப்போதே கேளுங்கள், இல்லையென்றால் தனி வீடு வேண்டாம், அறை எடுங்கள். சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கான பணம் கையில் இருந்தால் போதும்.

அதை ரூபாய் நோட்டாகக் கட்டிக்கொண்டு வராதீர்கள். 25,000 ரூபாய்க்கு மேல் இந்திய நோட்டை வெளியே கொண்டுவரவும் கூடாது, இங்கே ரூபாய் நோட்டுக்கு நல்ல ரேட்டும் கிடைக்காது. ஊரில் வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ ஃபாரெக்ஸ் அட்டையில் பெரும்பகுதியைப் போட்டு, சில நூறு டாலரை மட்டும் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் டாக்சிக்கு மட்டும் மாற்றுங்கள், மீதியை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம், லெபோ பாசார், லெபோ பினாங்கு தெருக்களில் நம் ஆட்கள் நடத்தும் கடைகளில் இரண்டு மூன்றில் விசாரித்து மாற்றலாம். ஏடிஎம்மிலோ கடையிலோ இந்திய அட்டையைச் செருகும்போது 'ரூபாயில் பிடிக்கட்டுமா, ரிங்கிட்டில் பிடிக்கட்டுமா' என்று திரையில் கேட்கும். எப்போதும் ரிங்கிட்டை அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்த இயந்திரத்துக்காரர் வைத்த ரேட்டில் பிடிப்பார்கள், அது நிச்சயம் மோசமாக இருக்கும்.

இங்கே வந்ததும் முதல் வேலை வங்கிக் கணக்கு. உங்கள் கம்பெனி எந்த வங்கி வழியாகச் சம்பளம் போடுகிறதோ அதிலேயே, ஃபாக்டரிக்குப் பக்கத்துக் கிளையிலேயே திறப்பது சுலபம். பாஸ்போர்ட், பாஸ், கம்பெனிக் கடிதம் கேட்பார்கள். எச்.ஆர். ஆள் ஒருவர் கூட வந்தால் பாதி நேரத்தில் முடிந்துவிடும், கூச்சப்படாமல் கேளுங்கள். மலேசிய வங்கிகளில் போடும் பணத்துக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை பிடிம் என்கிற வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு. சம்பளம் முதலில் இந்த மலேசியக் கணக்கில்தான் விழ வேண்டும். 'நேராக என் இந்தியக் கணக்குக்கே போடுங்கள்' என்று கம்பெனியிடம் கேட்காதீர்கள், வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தியாவில் முதலில் கைக்கு வருகிற சம்பளம் அங்கே வரிக்கு உட்பட்டது என்று சிக்கல் கிளம்பும்.

இனி அனுப்பும் விஷயம். உங்கள் நண்பர் வங்கி வழியாக அனுப்பினால் நஷ்டம் என்று சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் என்கிற, வங்கிக்கு வங்கி அனுப்பும் முறையில் அனுப்பினால் இங்கே ஒரு கட்டணம், நடுவில் இருக்கும் வங்கி ஒரு பங்கு, அங்கே வாங்கும் வங்கி ஒரு பங்கு என்று பிடித்துக்கொள்வார்கள், இந்தியாவில் நாணயம் மாற்றும் சேவைக்குக் குறைந்தது 45 ரூபாய் ஜி.எஸ்.டி. வேறு. பெரிய தொகையை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அனுப்பும்போது இது பெரிதாகத் தெரியாது, மாதாமாதம் சிறு தொகை அனுப்புகிறவரை அரித்துவிடும். ஆனால் வங்கியை விட்டால் உண்டியல்தான் என்று யார் சொன்னது? நடுவில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் உரிமம் பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. மெர்சன்ட்ரேட் மாதிரி கடை வைத்திருப்பவையும் உண்டு, வைஸ், இன்ஸ்டாரெம் மாதிரி போனிலேயே முடிகிறவையும் உண்டு. எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை, உங்களுக்கு எது ஒத்து வருகிறதோ அதைக் கணக்குப் போட்டு எடுங்கள்.

கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன், ஏனென்றால் இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். 3,000 வெள்ளி அனுப்புகிறீர்கள். கூகுளில் அன்றைய ரேட் 20 ரூபாய். ஒரு கடையில் 'கட்டணமே இல்லை' என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஆனால் ரேட் 19.60. ஊருக்குப் போவது 58,800 ரூபாய். இன்னொரு இடத்தில் 12 வெள்ளி கட்டணம் கேட்கிறார்கள், ரேட் 19.95. அதாவது 2,988 வெள்ளிதான் மாறும், ஆனால் ஊருக்குப் போவது 59,610 ரூபாய். கட்டணம் வாங்கியவரிடம் 810 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. கட்டணத்தையும் பார்க்க வேண்டாம், ரேட்டையும் தனியாகப் பார்க்க வேண்டாம், 'நான் 3,000 கொடுத்தால் அங்கே கணக்கில் எத்தனை ரூபாய் விழும்' என்ற ஒரே கேள்வியை எல்லாரிடமும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கேளுங்கள். ரேட் ஏறும் ஏறும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சம்பளம் வந்த வாரத்தில் மாதம் ஒரு முறை அனுப்புவது என்று வைத்துக்கொண்டால் வருடக் கடைசியில் சராசரியாக வந்து நிற்கும், மனமும் நிம்மதியாக இருக்கும்.

அனுப்பும்போது மூன்று விஷயத்தைச் சரிபாருங்கள். பெறுபவர் கணக்கு என்.ஆர்.இ. என்று குறிப்பிட அந்த நிறுவனத்தில் வசதி இருக்க வேண்டும், இல்லையென்றால் பணம் உள்ளூர்ப் பணம் மாதிரி போய் வங்கி திருப்பி அனுப்பிவிடும். காரணம் என்ற இடத்தில் குடும்பச் செலவு, சேமிப்பு என்று உள்ளதைப் போடுங்கள். ரசீதை மின்னஞ்சலில் ஒரு தனி ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள், போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போன் போகும்போது அதுவும் போய்விடும்.

எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பியும் விடாதீர்கள். மூன்று மாதச் செலவுக்கான வெள்ளி இங்கே எப்போதும் இருக்க வேண்டும். வேலை போனாலும், உடம்பு சரியில்லை என்றாலும், அவசரமாக டிக்கெட் எடுக்க வேண்டி வந்தாலும் அப்போது ஊரிலிருந்து பணம் வரவழைப்பது எளிதல்ல.

உண்டியலுக்கு வருகிறேன். இந்த ஊரில் அதைப் பற்றிப் பேசாமல் பணம் அனுப்புவதைப் பற்றிப் பேச முடியாது. நம் மக்கள் கடல் தாண்டிப் பணம் அனுப்புவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள், அடுத்து வந்த கிளை பினாங்கில். அவ்வளவு பணம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. வங்கி எட்டாத கிராமங்களுக்கு நம்பிக்கையின் பேரில் பணம் கொண்டு சேர்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் அவர்களை விட்டால் வேறு வழி இல்லை.

இன்றைக்கு நிலைமை அது இல்லை. உரிமம் இல்லாமல் பணப் பரிமாற்றத் தொழில் செய்வது மலேசியாவில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இந்தியாவில் ஃபெமாவுக்கு எதிரானது. சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் இங்கே 3,000 வெள்ளியை ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள். அந்த வெள்ளி மலேசியாவை விட்டு எங்கும் போவதில்லை. அங்கே அவருடைய ஆள் யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் மனைவி கணக்குக்கு 60,000 ரூபாயைத் தள்ளிவிடுகிறார். அந்த யாரோ ஒருவர் யார்? ஆன்லைன் மோசடியில் வட இந்தியாவில் எங்கோ ஒரு பெரியவரிடம் பிடுங்கிய பணமாக அது இருந்தால், அவர் புகார் கொடுத்ததும் சைபர் கிரைம் போலீஸ் அந்தப் பணம் தொட்ட கணக்குகளை வரிசையாக முடக்கச் சொல்லும். உங்கள் மனைவியின் கணக்கும் அதில் வரும். பள்ளிக்கூடக் கட்டணம் கட்டப் போன இடத்தில் கணக்கு முடங்கிக் கிடப்பது தெரியும், எந்த மாநிலத்துப் போலீஸ் என்றே தெரியாமல் அலைவார். 'என் கணவர் அனுப்பிய பணம்' என்று சொல்ல அவர் கையில் என்ன இருக்கிறது? உங்கள் பெயர் அந்தப் பரிமாற்றத்தில் எங்கேயும் இல்லை. கட்டாகக் கையில் கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் மோசம், அந்தப் பணத்துக்குப் பிறப்பே கிடையாது. 60,000க்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக அந்தப் பெண்ணை அந்த நிலைமையில் நிறுத்தாதீர்கள்.

உரிமம் உள்ள கடையைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டியிருப்பார்கள், பேங்க் நெகாராவின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், பாஸ்போர்ட் கேட்பார்கள், ரசீது கொடுப்பார்கள். பாஸ்போர்ட் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்கிற இடத்தில் நிற்காதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. கூட வேலை செய்கிறவர் யாராவது 'என் பெர்மிட் பிரச்சினையில் இருக்கிறது, என் பணம் ரெண்டு மாதம் உன் கணக்கில் வரட்டும்' என்றோ, 'ஏடிஎம் அட்டையை மட்டும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்' என்றோ கேட்பார்கள். நல்ல மனிதராகக்கூட இருப்பார். கொடுக்காதீர்கள். கணக்கை மற்றவர் கையில் விடுவதை மலேசியா 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி நேரடிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது. மாட்டினால் பாஸ் போகும், வேலை போகும். உங்கள் கணக்கிலிருந்தே யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பிடிக்க வேண்டும். மாதச் சீட்டு சேரச் சொல்லி ஹாஸ்டலில் கேட்பார்கள், இங்கே சீட்டு நடத்துவது 1971 முதலே தடை செய்யப்பட்டது, அதையும் தவிர்த்துவிடுங்கள்.

வரி. இதை நிதானமாகப் படியுங்கள், உங்களுக்கு அதிகம் மிச்சமாகப் போவது இதில்தான்.

இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. வேலைக்காக வெளியே போகிற இந்தியக் குடிமகன் அந்த வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வரிக்கு வெளிநாட்டில் வசிப்பவர். நீங்கள் ஆகஸ்டில் கிளம்புவதால் அது சரியாக வருகிறது, மலேசியச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. ஏப்ரலிலிருந்து கிளம்பும் வரை வாங்கிய இந்தியச் சம்பளத்துக்கு அங்கே ரிட்டர்ன் போட வேண்டும், மறக்காதீர்கள். ஏதாவது காரணத்தால் பயணம் அக்டோபருக்குத் தள்ளிப்போனால் கணக்கே மாறிவிடும், உடனே ஆடிட்டரைப் பாருங்கள்.

மலேசியாவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு. இங்கேயும் 182 நாள்தான் அளவு. ஆகஸ்ட் 1ஆம் தேதியே வந்து இறங்கினாலும் டிசம்பர் 31க்குள் 153 நாள்தான் ஆகிறது. அப்படியென்றால் முதல் வருடம் நீங்கள் இங்கே வசிப்பவர் இல்லை, சம்பளத்துக்கு நேராக 30 சதவீதம் வரி. 7,000 வீதம் ஐந்து மாதம் 35,000 வெள்ளி, வரி 10,500 வெள்ளி. நம் கணக்கில் 2,10,000 ரூபாய்! வசிப்பவராக இருந்தால்? தனிநபர் கழிவு 9,000 போக 26,000, அதற்கு வீத அட்டவணைப்படி 330 வெள்ளி, 35,000க்குள் வருமானம் என்றால் கிடைக்கும் 400 வெள்ளி தள்ளுபடியில் அதுவும் போய்விடும். ஒன்றும் கட்ட வேண்டாம்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. முதல் வருடத்தில் 182 நாள் ஆகாவிட்டாலும், அது அடுத்த வருடத்தில் தொடர்ச்சியாக வரும் 182 நாளோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் முதல் வருடத்துக்கும் உங்களை வசிப்பவராக எடுத்துக்கொள்வார்கள். டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் இங்கே இருங்கள். அதற்குப் பிறகு ஜூலை 1 வரை தொடர்ச்சி அறுபடக் கூடாது. கம்பெனி வேலையாக வெளியே போவதும், உங்களுக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ உடம்பு சரியில்லாமல் போவதும் தொடர்ச்சியைக் கெடுக்காது. சொந்த விஷயமாகப் போகும் நாட்கள் மட்டும் மொத்தம் 14ஐத் தாண்டக் கூடாது. பொங்கலுக்கு மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனால் அந்த ஒரு பயணத்துக்கு 10,500 வெள்ளி கொடுத்த மாதிரி ஆகிவிடும். பத்து நாளில் போய்த் திரும்புங்கள், நீண்ட விடுமுறையை ஜூலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் இதைச் சொல்வது கஷ்டம், தெரியும். முதல் மாதங்களில் கம்பெனி 30 சதவீதம் பிடித்தாலும் ரிட்டர்ன் போட்டு நாள் கணக்கைக் காட்டித் திரும்ப வாங்கலாம். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, பயணச் சீட்டுகளையும் வைத்திருங்கள்.

சம்பளச் சீட்டில் இன்னொரு பிடித்தம் பார்ப்பீர்கள், இபிஎஃப் என்கிற மலேசியச் சேமநிதி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் கட்டாயம், உங்களிடம் 2 சதவீதம், கம்பெனி 2 சதவீதம். வேலையை முடித்து நாட்டை விட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிப் போகும் நாள் வரும்போது பலர் தடுமாறுவது வரிசையில்தான். கம்பெனி உங்கள் புறப்பாட்டை வருமான வரி வாரியத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும், வரி தீர்வுக் கடிதம் வரும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சம்பளமும், திரும்பி வரும் வரிப் பணமும், இபிஎஃப் பணமும் எந்தக் கணக்கில் விழும்? மலேசியக் கணக்கில். கிளம்பும் வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்ட திருப்தியில் கணக்கை மூடிவிட்டு விமானம் ஏறிவிட்டு, பிறகு ஊரிலிருந்து அந்தப் பணத்துக்காக மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கடைசி வெள்ளி வந்து, அதை என்.ஆர்.இ.க்கு அனுப்பி, ரசீதை எடுத்து வைத்த பிறகே கணக்கை மூடுங்கள். மலேசிய சிம்மையும் அதுவரை விடாதீர்கள். ஊர் திரும்பியதும் வங்கிக்குப் போய் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. இரண்டையும் மறுபடி சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

இந்த வாரம் கிளைக்குப் போகும்போது அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள். அதிகாரி சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.